நூல் பிடிச்சு வாங்கின பற்றரி

ஓம் பிள்ளை, நீங்கள் வேலிக்கு மேலால பாத்தது சரிதான். காரின்ர பொனற்றைத் திறந்து வச்சுக்கொண்டு, வாயில நூலைக் கவ்விக்கொண்டு நிண்டது நான்தான். மனிசிக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டு நினைச்சிருப்பீங்கள். பற்றரிக்கு அளவெடுத்தனான், சட்டைக்கு எடுக்கிற மாதிரி. சிரிக்காதேங்கோ, முழுக்கக் கேளுங்கோ.

எங்கட கார் தெரியும்தானே, அந்த வெந்தய நிறக் கார். ஜப்பானில ஆரோ ஓடிப்போட்டுக் கப்பலில ஏத்தி விட்டது. நாங்கள் வாங்கேக்க மகன் யூனிவர்சிற்றிக்குப் போய்க்கொண்டிருந்தவன். இப்ப அவனுக்கே முன்மண்டை வெளிச்சிட்டுது. அவனுக்கு அந்தக் காரைக் கண்ணில காட்டக் கூடாது. போன மாசம் ஸ்ட்ராத்ஃபீல்டில ஒரு கலியாண வீடு. சாப்பிட்டிட்டு வெளிக்கிட்டா கார் மூச்சுக் காட்டேல்லை. மகன் வந்து தன்ர காரில இருந்து வயர் குடுத்து எழுப்பி விட்டான். எழுப்பிப்போட்டுச் சொல்றான், "அப்பா, தட்ஸ் இட். இனி ஒருக்கா நிண்டா பழைய இரும்புக்குத்தான் குடுப்பன். உங்களை எங்க ஏத்திக்கொண்டு போகவேணுமோ நான் ஏத்திறன்" எண்டு. அவன் எங்க ஏத்திறது! வெள்ளிக்கிழமை கோயிலெண்டால் அவனுக்கு வெள்ளிக்கிழமைதான் மீற்றிங் வரும்.

எனக்குப் பஸ் சரிவராது பிள்ளை. முன்னால எழுத்து ஓடுறது எனக்கு எறும்பு ஊருற மாதிரித்தான் தெரியும். கார் போனா நான் வீட்டுக்குள்ள, இவர் கதிரைக்குள்ள. காரில ஏறினா இவரைப் பாக்கவேணும்! "இஞ்சேரும், பெல்ற் போட்டாச்சோ?" எண்டு ஒவ்வொரு நாளும் கேப்பார். போட்டதைக் கண்ணால பாத்துக்கொண்டுதான் கேப்பார். அது எனக்கும் வேண்டிக் கிடக்கு.

செவ்வாய்க்கிழமை காலமை திறப்பைத் திருகினா டிக், டிக் எண்டு ரெண்டு சத்தம். பேந்து ஒண்டுமில்லை. ஞாயிறு மகன் வாறான். இவர் என்னைப் பாக்கிறார், நான் இவரைப் பாக்கிறன். "அவனுக்குச் சொல்லாதையும்" எண்டார். நான் ஏன் சொல்லப்போறன்!

பற்றரிக் கடை இஞ்ச பக்கத்திலதானே, அந்தப் பெரிய பெரிய கொட்டில் இருக்கிற றோட்டில. இவர் கார் நம்பரை ஒரு துண்டில எழுதிக்கொண்டு, என்ர மரக்கறி வண்டிலை இழுத்துக்கொண்டு போனார். ஊரில தபால்கந்தோரில இருந்த மனிசன். கடதாசியில எழுதினது பிழைக்காது எண்டு நினைப்பு. கடைக்காரி நம்பரைக் கொம்பியூட்டரில தட்டி ஒரு பற்றரியை எடுத்துக் குடுத்திருக்கிறா. வியர்க்க விறுவிறுக்க இழுத்துக்கொண்டு வந்தார்.

பழசைக் கழட்டிப் புதுசை வச்சா, மேல ரெண்டு ஈய மொட்டு இருக்கெல்லே, அது தடிப்பு. வயரின்ர வளையம் அதில இறங்குதில்லை. சிவப்பு வயர் மொட்டுக்கு எட்டுதுமில்லை, மொட்டு மற்றப் பக்கம் கிடக்கு. இவர் சுத்தியலைத் தேடுறார்! "இஞ்சாருங்கோ, அது தேங்காயே, அடிச்சு உடைக்க?" எண்டு சுத்தியலைப் பறிச்சு வச்சன்.

"சரி, பழைய பற்றரியில நம்பர் இருக்கும். அதைச் சொல்லி வாங்குவம்" எண்டு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிஞ்சார். குனிஞ்சவர் நிமிரேல்லை. பற்றரிக்கு மேல ஒட்டின தாள் வெள்ளை வெளேரெண்டு கிடக்கு. ஒரு எழுத்தில்லை.

ஏன் எண்டு கேளுங்கோ. விஜயதசமிக்கு நாங்கள் காருக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறது. உங்கட இந்தியாப் பக்கம் ஆயுத பூசை எண்டுறீங்கள், அதுதான். எல்லாரும் வெளியில வைப்பினம். நான் பொனற்றைத் திறந்து உள்ளுக்கும் வைப்பன். உயிர் அதுக்குள்ளதானே இருக்கு. வைக்க முதல் ஈரத் துணியால வடிவா உரஞ்சித் துடைப்பன். வருசா வருசம்.

"எழுத்தைத் துடைச்சுப்போட்டீரே!"

"எழுத்தெண்டு எனக்கு என்னெண்டு தெரியும்? ஊத்தை எண்டெல்லோ நினைச்சன்!"

கத்தப்போறார் எண்டு பாத்தா, மனிசன் சிரிக்கிறார். காரின்ர மட்காட்டைப் பிடிச்சுக்கொண்டு, இருமி இருமிச் சிரிக்கிறார். எனக்கு அழுகை வரப்பாத்தது, அதைக் கண்டிட்டு நானும் சிரிச்சிட்டன்.

பழசைக் கடைக்குக் கொண்டுபோகவும் ஏலாது. வண்டிலில ஒரு பற்றரிதான் கொள்ளும், பிழையான புதுசைத் திருப்பிக் குடுக்கவேணுமே. பழசு ஓரத்தால கசியவும் துவங்கிட்டுது. இவர் போனில படம் எடுத்தார். படத்தில பாத்தா கல்லு மாதிரி ஒரு பெட்டி, எவ்வளவு பெரிசு எண்டு ஆருக்குத் தெரியும்?

நான் தையல் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தன். நான் ரேப்பால அளந்து பழகேல்லை பிள்ளை, அதிலயும் எழுத்துத்தானே. நான் தைச்ச சட்டையெல்லாம் நூலில முடிச்சுப் போட்டுத் தைச்சதுதான். கைக்கு ஒரு முடிச்சு, மார்புக்கு ரெண்டு. அதே மாதிரி நீளத்துக்கு ஒரு முடிச்சு, அகலத்துக்கு ரெண்டு, உயரத்துக்கு மூண்டு. ரெண்டு மொட்டையும் சுத்தி வேற வேற நூல். சிவப்பு வயர் பூட்டுற மொட்டுக்குச் சிவப்பு நூல். நீங்கள் பாத்த நேரம் அதுதான். மொட்டுப் பக்கமா நிண்டு பாத்தா சிவப்பு என்ர சோத்துக்கைப் பக்கம், அதை மனதில வச்சன்.

"உந்த நூலைக் கொண்டு கடைக்கு வரப்போறீரோ?" எண்டார். "உங்கட கடதாசி போய் வந்திட்டுது, இப்ப என்ர நூல் போகட்டும்" எண்டன்.

கடைக்காரி நல்ல உயரம், கை முழுக்கப் பூப்பூவாப் பச்சை குத்தியிருக்கிறா. இவர் இங்கிலிசில இழுத்து இழுத்து விளங்கப்படுத்தினார். நான் சட்டைக்குள்ளால நூல் சுருளை எடுத்து மேசையில விரிச்சன். இவர் கூச்சத்தில சுவரைப் பாக்கிறார். அவ பாத்தா, விளங்கிச்சுது, "ஓ, லவ்!" எண்டிட்டு உள்ளுக்கு ஓடினா. எல்லாரையும் அப்பிடித்தான் கூப்பிடுவினமாம், இவர் கெதியா விளங்கப்படுத்தினார்.

கப்பலில வந்த கார் எண்டு முதலே சொல்லியிருக்க வேணுமாம். நம்பரைத் தட்டினா கொம்பியூட்டர் இஞ்ச வித்த காருக்குரியதைத்தான் காட்டுமாம், ஜப்பான் பற்றரிக்கு மொட்டு மெலிசாம். முதல் கொண்டந்தது நீளம் கூட. நான் "நோ" எண்டன். ரெண்டாவது அளவு சரி, ஆனா சிவப்பு இடப்பக்கம். "நோ, நோ, திஸ் கை" எண்டு என்ர கையைத் தூக்கிக் காட்டினன். மூண்டாவது, பிள்ளை, நூலை வச்சா முடிச்சு மூலையில போய் நிக்குது! சிவப்பு நூல் மொட்டைச் சுத்தி மட்டுமட்டா. கடைக்காரி கை தட்டினா. இவர் அப்பத்தான் சுவரை விட்டுத் திரும்பினார்.

வீட்ட கொண்டந்து பூட்டித் திறப்பைத் திருகினார். ஒரே திருகல்தான்! எஞ்சின் இரைஞ்ச இரைச்சலில றோட்டுக் கரைக் கிளியெல்லாம் கலைஞ்சு போச்சுது.

ஞாயிறு மகன் வந்து திறப்பை வாங்கினான், தானே ஸ்ராட் பண்ணினான். ரெண்டு தரம் நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்தான். பிறகு பொனற்றைத் திறந்து, "ஹூ டிட் திஸ்?" எண்டான். இவர் என்னைக் காட்டினார். முழுக்கதையும் சொல்ல, அவன் பொனற்றில சாஞ்சு நிண்டு தேப்பன் மாதிரியே இருமி இருமிச் சிரிக்கிறான். "சரி அம்மா, அடுத்த ரெஜோ வரைக்கும் ஓடுங்கோ" எண்டிட்டுப் போனான். காரைச் செக் பண்ணித் திருப்பிப் பதியிற அந்த ரெஜோவுக்கு இன்னும் கனக்க நாள் கிடக்கு, அதை அப்ப பாப்பம்.

இவர் இப்ப பற்றரி நம்பரைக் கராஜ் சுவரில பெரிசா எழுதி வச்சிருக்கிறார். எழுதட்டும். நான் நூலைச் சாமித் தட்டுக்குக் கீழ சுருட்டி வச்சிட்டன். இந்த முறை சந்தனம் பக்கப்பாட்டிலதான் வைப்பன், தாளில கை வைக்கமாட்டன்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வாறீங்களோ? பின் சீற் சும்மாதான் கிடக்கு. பெல்ற் போட்டாச்சோ எண்டு உங்களையும் கேப்பார், ஓம் எண்டு சொல்லிவிடுங்கோ... அய்யோ, துமிக்குது பிள்ளை! அவற்ற வேட்டி, துவாய் எல்லாம் கொடியில கிடக்கு, நான் ஓடுறன்—