இத்தாலியில் ஓர் அங்கிளை விட்டுவிட்டு வந்தோம்

இரண்டாவது வில்லா மாளிகையின் முன் பஸ் நின்று, எல்லாரும் இறங்கித் தோட்டத்துக்குள் போன பிறகுதான் போன் வந்தது. காலையில் நாங்கள் பார்த்த முதல் வில்லாவின் டிக்கெட் கவுண்டரிலிருந்து ஒரு பெண் பேசினாள். உங்கள் ஆள் ஒருவர் இங்கே நிற்கிறார், பஸ்ஸைக் காணோம் என்கிறார் என்றாள். அவர் கழுத்து டேக்கில் இருந்த பெயரையும் படித்தாள். மணியம்.

பதினெட்டு வருஷம் டூர் லீடராக இருந்தவள் நான். எங்கள் ஊர் ஸ்கூடாயில் டூர் ஆபீஸில் சேர்ந்த முதல் நாளே பாஸ் சொன்னது இதுதான்: "ரீத்தா, ஹோட்டல் மோசமா இருந்தா மன்னிச்சிருவாங்க. சாப்பாடு லேட்டானா திட்டிட்டு மறந்துருவாங்க. ஆள விட்டுட்டு வந்தே, அவ்ளோதான் லா."

அப்படியிருந்தும் எப்படி விட்டேன்? நம் ஆட்களை விரல் நீட்டி எண்ண முடியாது. ஆரம்பத்தில் ஒரு ட்ரிப்பில் எண்ணப்போய், தம்போயிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டார். "என்னம்மா, ஆடு மாடு மாதிரி எண்ணுற? போற எடத்துல கண்ணு கிண்ணு பட்டுறப் போகுது." அதோடு எண்ணுவதை விட்டேன். பெரும்பாலும் ஜோடியாகத்தானே வருகிறார்கள். "உங்க ஆள் ஏறிட்டாங்களா?" என்று ஒவ்வொரு சீட்டாகக் கேட்டுக்கொண்டு போவேன். மரியாதையாகவும் இருந்தது, சீக்கிரமும் முடிந்தது.

அன்றும் அப்படித்தான் கேட்டேன். மணியம் அங்கிளின் மனைவி சரோஜா ஆன்ட்டி, "ஏறிட்டாரும்மா, பின்னாடி படுத்துட்டாரு" என்றார். அங்கிள் செனாயில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். பஸ் ஏறியதும் கடைசி சீட்டில் கால் நீட்டித் தூங்குவது அவர் வழக்கம். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு வில்லாவுக்கும் நடுவில் முக்கால் மணி நேரப் பாதை. அங்கிளைக் கூட்டிவர டிரைவரைத் திருப்பி அனுப்பிவிட்டு ஆன்ட்டியைத் தேடினேன். அங்கிளுக்குச் சர்க்கரை, மருந்தெல்லாம் ஆன்ட்டியின் பையில்தான் இருக்கும். விஷயம் தெரிந்தால் இவரும் மயங்கி விழுவாரே என்ற பயம் வேறு.

முதலில் கேட் பக்கத்து பெஞ்சில் பார்த்தேன். நாலு நாளாக எந்த இடத்துக்குப் போனாலும் ஆன்ட்டி அங்கேதான் இருப்பார். "படி நெறைய இருக்கு சரோ, உனக்கு முட்டி தாங்காது. பைய வச்சிக்கிட்டு இங்கயே உக்காரு" என்று சொல்லிவிட்டு, அங்கிள் கேமராவோடு உள்ளே போய்விடுவார். அன்று காலையும் அப்படித்தான் நடந்தது. இப்போது பெஞ்ச் காலியாக இருந்தது.

அந்த வில்லாவின் தோட்டம் மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறும். கல்படிகளின் இருபுறமும் பெரிய மண்தொட்டிகளில் எலுமிச்சை மரங்கள், நடுவில் இறங்கி ஓடும் தண்ணீர். மூச்சு வாங்க மூன்றாவது அடுக்குக்கு ஏறினால், ஆன்ட்டி சுவரில் கை ஊன்றி, கீழே விரிந்திருந்த திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"ஆன்ட்டி, பதறாதீங்க. அங்கிள் பஸ்ல ஏறல. அங்கயே இருக்காரு."

"தெரியும்மா," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

"தெரியும்னு சொல்றேன்ல. போட்டோ எடுத்துக்கிட்டே நின்னுட்டாரு. நாந்தான் ஏறிட்டாருன்னு சொன்னேன்."

"அவரு மருந்து?"

"காலையிலயே ஜாக்கெட் பாக்கெட்ல வச்சிட்டேன். பிஸ்கட் இருக்கு. ஹோட்டல் கார்டும் வச்சிருக்கேன்."

காலையிலேயே. அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாஸ்போர்ட்டைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பல்செட்டை ஹோட்டலில் மறந்து வந்தவரைப் பார்த்திருக்கிறேன். புருஷனுக்கு பிஸ்கட் கட்டிக் கொடுத்து விட்டுவிட்டு வந்த ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

"ஏன் ஆன்ட்டி இப்படி?"

"இந்தத் தோட்டமெல்லாம் பாக்கணும்னு ஆசப்பட்டது நான்மா. அவருக்கு இதெல்லாம் ஒன்னும் தெரியாது. வந்தும் நான் வாசல்லயே உக்காந்திருந்தா எப்படி?" கொஞ்சம் நிறுத்தி, "பஸ் எப்ப வரும்?" என்று கேட்டார்.

"ஒன்றர மணி நேரமாவது ஆகும்."

"போதும்," என்று அடுத்த அடுக்குக்கு ஏறினார். முட்டி நன்றாகத்தான் இருந்தது.

பஸ் வந்தது. அங்கிள் கத்திக்கொண்டே இறங்குவார் என்று எதிர்பார்த்தேன். முகம் வெளுத்து இறங்கினார். நேராக ஆன்ட்டியிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயந்துட்டியா சரோ?"

ஆன்ட்டி அவர் முகத்தையே பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அங்கிள் என் பக்கம் திரும்பினார். "என்ன டூர் லீடர்மா நீ? ஆள எண்ணக்கூடத் தெரியாதா?"

ஆன்ட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். "என் தப்புதான் அங்கிள். நான் எண்ணல."

அது பொய்யும் இல்லை. ஊர் திரும்பியதும் வார்னிங் லெட்டர் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். விரலை நீட்டாமல் கண்ணாலேயே எண்ணுங்கள். யார் என்ன சொன்னாலும் கடைசி சீட் வரை நடந்து போய் முகத்தைப் பாருங்கள்.

அந்த லெட்டரில் எழுதாத இன்னொரு தப்பும் உண்டு. நாலு நாளும் ஆன்ட்டி கேட்டில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு தடவையும் அவரைத் தாண்டித்தான் உள்ளே போனேன். நீங்க வரலையா ஆன்ட்டி என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.