விரலுக்குத் தெரியாத சில்லு

கார் பளபளப்பதைப் பார்த்து வாய் பிளக்கிறவர்கள் யாரும் அதைப் பளபளக்க வைத்த பாலிஷ் பேடைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வட்டமான ஒரு ஃபோம் துண்டு, அவ்வளவுதான். பின்பக்கம் ஒட்டுத் துணி இருக்கும். மெஷினில் ஒட்டிச் சுற்றவிட்டால் பெயிண்ட்டின் மேல்தோல் மயிரிழையளவு தேய்ந்து முகம் தெரியும். தேய்ந்ததெல்லாம் எங்கே போகும்? பேடுக்குள்தான் போகும். பாலிஷ் மருந்து, பழைய மெழுகு, செத்த பெயிண்ட், திருப்பதி ரோட்டுப் புழுதி எல்லாம் ஃபோமின் துளைக் கண்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சாயங்காலமே கழுவி எடுக்காவிட்டால் விடிவதற்குள் காய்ந்து இறுகிவிடும். அப்புறம் அது பேடு இல்லை, உப்புத்தாள்.

திருச்சானூர் போகிற சாலையில் ஒரு கார் பாலிஷ் கடையில் நான் வேலை செய்கிறேன். சொந்த ஊர் குடிபாலா. சித்தூரில் வாட்டர் சர்வீஸ் கடையில் கார் கழுவிக்கொண்டிருந்தவன், மெஷின் பிடிக்கக் கற்றுக்கொண்டு இங்கே வந்தேன். பெண்டாட்டி நகரிக்காரி, பவர்லூம் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள். அதனாலோ என்னவோ சாதாரணப் பேச்சையும் கத்தித்தான் பேசுவாள். ஒரு லாட்ஜில் போர்வையும் தலையணை உறையும் துவைக்கிற வேலைக்குப் போகிறாள். ஒரே மகள், மூன்றாவது படிக்கிறாள்.

பேடு கழுவுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு கலந்து ஊறப் போட வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஒட்டுத் துணியின் பசை விட்டுப் போகும். துணி மாதிரி முறுக்கிப் பிழிந்தால் ஃபோம் உள்ளுக்குள்ளேயே கிழிந்துவிடும். உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி எடுக்க வேண்டும். முதலில் சாம்பல் நிறத்தில் தண்ணீர் வரும், பிறகு கஞ்சித் தண்ணீர், பிறகு வெறும் தண்ணீர். அதற்கப்புறம் மெஷினில் மாட்டி, காலி வாளிக்குள் பிடித்துச் சுற்றவிட்டு ஈரத்தை உதறி, நிழலில் காய வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் உதிர்ந்துபோகும். திருப்பதி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

காய்ந்த பிறகு கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் பேடு முழுக்கத் தடவிப் பார்ப்பது. கண்ணுக்குத் தப்பிய மணல் துகள் விரலில் மாட்டிவிடும். அந்த இடத்தில் விரல் தானாக நின்றுவிடும். இந்தப் பிழைப்பில் எனக்குக் கர்வம் என்று ஏதாவது இருந்தது என்றால் அது என் விரல் நுனியில்தான் இருந்தது. கடையில் புதிதாக வந்தவர்கள் கழுவிய பேடைக்கூட என் கையில் கொடுத்து ஒரு தடவை பார்க்கச் சொல்வார்கள். நானும் பெரிய ஜோசியக்காரன் மாதிரி கண்ணை மூடிக்கொள்வேன்.

அந்த விரல்கள் போய்விட்டன. வெட்டுப்படவில்லை, நசுங்கவில்லை, பார்த்தால் பத்தும் இருக்கும். ஆனால் போய்விட்டன.

மெஷின் கைக்குள் துடித்துக்கொண்டே இருக்கும். கீழே வைத்த பிறகும் அந்தத் துடிப்பு கொஞ்ச நேரம் எலும்புக்குள் ஓடும். கை மரத்துப் போனால் உதறுவோம், சரியாகிவிடும். இந்த வேலையில் எல்லோருக்கும் அப்படித்தான். ஒரு மார்கழியில் காலை எழுந்து பார்த்தால் விரல்கள் வெளுத்துக் கிடந்தன. பனி என்று நினைத்தேன். அப்புறம் ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. குத்திக்கொண்டிருந்த காலம் எவ்வளவு நல்ல காலம் என்று இப்போது தோன்றுகிறது. குத்துவதும் நின்ற பிறகு சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. டீ கிளாஸ் நழுவியது.

"இன்னாங்க இது? எத்தக் குடுத்தாலும் போட்டு ஒடச்சிக்கினே கீறீங்க? கையில உசுரு கீதா இல்லியா?" என்றாள் பெண்டாட்டி.

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

திருப்பதியில் புதுக் கார் எடுக்கிறவர்கள் முதலில் சாமியிடம் போவார்கள், பிறகு எங்களிடம் வருவார்கள். கோயில் வாசலில் பூஜை போட்டு, பானட்டில் மஞ்சளும் சந்தனமும் குங்குமமும் அப்பி, மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காயை மூன்று சுற்றுச் சுற்றிக் காருக்கு முன்னால் ஓங்கி உடைப்பார்கள். அந்தக் கோலத்தோடு நேராகக் கடைக்கு வந்து கோட்டிங் போடச் சொல்வார்கள். கோட்டிங்குக்கு முன்னால் பாலிஷ் போட வேண்டும். அதற்கு முன்னால் கழுவ வேண்டும். ஆனால் சாமி பொட்டை மட்டும் அழிக்கக் கூடாது! அது தானாகப் போகிறவரைக்கும் இருக்க வேண்டுமாம். பொட்டைச் சுற்றித் தண்ணீர் அடித்து, பொட்டைச் சுற்றி மெஷின் ஓட்ட வேண்டும். மஞ்சள் பட்ட பேடு எத்தனை கழுவினாலும் பழைய நிறத்துக்கு வராது. எங்கள் கடையில் பாதிப் பேடுகள் நலங்கு வைத்த பெண் மாதிரிதான் இருக்கும்.

அன்றைக்கும் அப்படித்தான் ஒரு வெள்ளைக் கார் வந்தது. பங்காருபாளையத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கிற குடும்பம். கூட வந்த அம்மா, பானட்டின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு அப்பியிருந்த சந்தனத்தைக் காட்டி, "அதுமேல மட்டும் கை வெக்காதப்பா, தாயார் கோயில்ல வெச்சது" என்றார்.

கை வைக்கவில்லை. சந்தனத்தின் ஓரத்தை ஒட்டி மெஷினை ஓட்டி முடித்தேன். சாயங்காலம் அந்தப் பேடைத் தண்ணீர் தெளிகிற வரைக்கும் கழுவி நிழலில் வைத்தேன். மறுநாள் காய்ந்ததும் கண்ணை மூடித் தடவினேன். விரல் எங்கேயும் நிற்கவில்லை. சுத்தமாக இருக்கிறது என்று எடுத்து வைத்தேன்.

அதைத்தான் அடுத்து வந்த கறுப்புக் காரில் போட்டேன். புத்தூர் வாத்தியார் ஒருவருடைய கார். மகள் கல்யாணம் வருகிறது, மாப்பிள்ளை அழைப்புக்கு வேண்டும் என்று ஆசையாகக் கொண்டுவந்து விட்டிருந்தார். வெள்ளையில் எதையும் மறைத்துவிடலாம், கறுப்பில் முடியாது. பானட்டை முடித்துத் துடைத்ததும் முதலாளி விளக்கைப் பிடித்தார். அவர் தெலுங்குக்காரர், என்னைவிட வயதில் சின்னவர், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணா, ஏமண்ணா இது?" என்றார்.

பானட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். வளையல் வளையலாக ஒன்றின் மேல் ஒன்று. முதலாளி மெஷினிலிருந்து பேடைப் பிய்த்தெடுத்து, விளக்குக்கு நேராகப் பிடித்து, ஃபோமைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துப் பார்த்தார். ஓரத்தில், ஃபோமின் ஒரு கண்ணுக்குள் சொருகிக்கொண்டு இருந்தது. தேங்காய் ஓட்டுச் சில்லு. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. கோயில் வாசலில் தேங்காய் உடைத்தபோது தெறித்து ஈரச் சந்தனத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. அதை என் பேடு வாரிக்கொண்டு வந்திருக்கிறது.

"முள்ளு மாதிரி குத்துதேண்ணா. நீங்க தடவிப் பாக்கலியா?" என்றார்.

நான் விரலை வைத்தேன். சில்லின் மேல்தான் வைத்திருக்கிறேன் என்று கண்ணுக்குத் தெரிகிறது. அழுத்தினேன். ஆள்காட்டி விரலை எடுத்து நடுவிரலை வைத்தேன். அந்தக் கையை விட்டு இந்தக் கையை வைத்தேன். ஒன்றுமே இல்லை. வேறு யாரோ ஒருவருடைய விரல் அங்கே அழுத்துவதை நான் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளிக்கு அப்போதே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கடையில் இன்னொருவர் மெஷினை வாங்கி அந்தக் கீறலை எல்லாம் எடுத்துவிட்டார். வாத்தியார் வந்து பார்த்து முகம் மலர்ந்து ஓட்டிக்கொண்டு போனார். காருக்கு ஒன்றும் ஆகவில்லை.

சித்தூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனேன். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டச் சொன்னார். பஞ்சால் தொடுவேன், ஊசியால் குத்துவேன், தெரிந்ததும் சொல் என்றார். நானும் கண்ணை மூடிக் காத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் ஆனது. அவர் வேறு ஏதோ வேலையாக இருக்கிறார் என்று நினைத்தேன்.

"எப்ப சார் குத்துவீங்கோ?" என்றேன்.

"முடிஞ்சிபோச்சிப்பா, கண்ணைத் திற" என்றார்.

மெஷினைத் தொடவே கூடாது என்றார். போனது திரும்பி வருமா என்று கேட்டேன். "வர்றது கஷ்டம். இருக்கிறதையாவது காப்பாத்திக்கோ" என்றார். எது இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கம்பி சுட்டிருக்க வேண்டும், உச்சி வெயில். பக்கத்தில் இருந்தவர் கையை வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டார். நான் திருப்பதி வரைக்கும் பிடித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் சொன்னபோது பெண்டாட்டி கத்தவில்லை. என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் தேய்த்துவிடுகிறாள் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலாளி நல்லவர், வேலையை விட்டு நிறுத்தவில்லை. "மெஷின் ஒத்துண்ணா, இனிமே வேணாம். பேடு மட்டும் கழுவுங்க, சாலு, அது போதும்" என்றார். அவர் என்மேல் இரக்கப்பட்டு சுலபமான வேலை கொடுத்திருக்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மெஷின் பிடிக்கக்கூடக் கண் போதும். பேடைப் பார்ப்பதற்குத்தான் விரல் வேண்டும். சொன்னால் அந்த வேலையும் இல்லை. தலையாட்டினேன்.

அப்புறம் நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். கன்னத்துக்குத் தெரிகிறது, உதட்டுக்கு இன்னும் நன்றாகத் தெரிகிறது. கடைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய், காய்ந்த பேடை முகத்தில் வைத்து மெதுவாகச் சுற்றிப் பார்க்கிறேன். மணல் இருந்தால் சுருக்கென்று படும். கடைக்கு வந்த ஒருவர் பார்த்துவிட்டு, பவுடர் போடுகிறாயா என்று கேட்டார். ஆமாம் சார், கலராக வேண்டாமா என்றேன். சந்தேகமான பேடை வீட்டுக்கு எடுத்து வந்தும் பார்ப்பேன். மகள் ஒருநாள் பார்த்துவிட்டு, "நைனா பேடுக்கு முத்தா குடுக்குது!" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் இப்படி எத்தனை நாள் ஓட்டுவது? ஒரு மனிதன் தொடுவதற்கு முகத்தையா கொண்டுபோவான்? தொட்டிப் பக்கம் உட்கார்ந்து இதை நினைத்தால் எழுந்திருக்கவே தோன்றாது. ஈரப் பேடுகளை முன்னால் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன்.

போன வாரம் மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பாப்பா வகுப்பில் சுருண்டு படுத்துவிட்டாள், கூட்டிப் போங்கள் என்றார்கள். பள்ளிக்கூடம் வீட்டுக்கு அடுத்த தெருதான். தூக்கிக்கொள்ளட்டுமா என்றேன், வேண்டாம் என்று தள்ளாடிக்கொண்டே நடந்து வந்தாள். பாயில் படுக்க வைத்தேன். பள்ளிக்கூடத்தில் பெண்டாட்டிக்கும் சொல்லியிருந்தார்கள், அதற்குள் லாட்ஜிலிருந்து போனில் கூப்பிட்டாள். பின்னால் துணி துவைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"தொட்டுப் பாத்தீங்களா? சுடுதா?"

அவசரத்தில் அவள் மறந்துவிட்டாள். நானும்தான் மறந்துவிட்டேன், ஏனென்றால் கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது. அங்கே சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. மகளின் நெற்றிதான் என்பதற்குக்கூடக் கண்தான் சாட்சி.

"சொல்லுங்க, சுடுதா இல்லியா? நான் வரணுமா?"

"இரு" என்றேன். கையை எடுக்காமல் குனிந்து, மகளின் கன்னத்தில் என் கன்னத்தை வைத்தேன்.

மகள் பாதிக் கண்ணைத் திறந்து பார்த்தாள். "நான் இன்னா பேடா, நைனா?" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"சுடுது. ரொம்ப சுடுது. நீ வா" என்று போனில் சொன்னேன். அப்போதும் என் கை அவள் நெற்றியில்தான் இருந்தது. அதற்கு ஒன்றும் தெரியவில்லை.