அண்ணன் ‘மேலே போன’ ஞாயிற்றுக்கிழமை

மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கும்போது காலை பத்தரை. சென்னையிலிருந்து ஒரு தோள்பையும் ஒரு மூட்டை சந்தேகமும் கொண்டுவந்திருந்தேன். பை கனக்கவில்லை.

அண்ணன் பரமசிவத்துக்கு அறுபத்தெட்டு வயது. அண்ணி காலமான பிறகு எங்கள் வீட்டில்தான், என் மகள் படிக்கும் அறைக்கு அடுத்த அறையில் இருந்தார். வத்தல்மலை அடிவாரத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கான குடியிருப்பு இருக்கிறது, பத்து நாள் தங்கிப் பார்க்கிறேன் என்று போனவர், திடீரென்று போனில், “இங்கயே இருந்துடறேன்டா” என்றார். குரலில் அத்தனை மகிழ்ச்சி. அதுதான் எனக்கு உதைத்தது. காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திய மனிதர் இப்படிக் குழைந்து பேசினால், பக்கத்தில் யாரோ நின்று மிரட்டுகிறார்கள் என்றுதானே பொருள்? கையோடு அழைத்து வருகிறேன் என்று மனைவியிடம் வீரம் பேசிவிட்டுக் கிளம்பினேன்.

தருமபுரிக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம். ‘ஒருபுறம் நகரத்துக் கலைகள், மறுபுறம் மலைப்பாதை’ என்றது அந்தக் குடியிருப்பின் விளம்பரம். பேருந்து நிலையத்தில் பூக்கடை, பழக்கடை, செல்போன் கடை எல்லாம் இருந்தன; கலையைக் காணோம். முதல் பொய் பிடிபட்டது.

ஆட்டோவுக்கு நானூறு ரூபாய் பேசினேன்.

“பெரியவங்க இருக்கற எடமுங்களா?” என்றார் ஓட்டுநர். “அங்க ஒன்வே சவாரிதான் சார். நெறைய பேரக் கொண்டுபோய் வுட்டிருக்கேன். ஒருத்தரயும் திருப்பிக் கூட்டியாந்ததில்ல.”

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

ஓட்டு வீடுகள், வேப்பமரங்கள், பின்னால் சுவர்போல மலை. சந்தேகப்பட ஒன்றும் இல்லை என்பதே பெரிய சந்தேகமாக இருந்தது. அலுவலக அறையில் சரோஜா என்ற பெண் இருந்தார். அண்ணனைக் கேட்டேன்.

“பரமசிவம் ஐயாவுங்களா? அவுரு காலையிலயே மேல போயிட்டாருங்களே!”

“எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலியே!”

“சொல்லிட்டா போவாரு? விடிஞ்சதும் சட்டுனு கெளம்பிட்டாருங்க.”

“பக்கத்துல யாருமே இல்லையா?”

“அதெப்படிங்க தனியா வுடுவோம்? நாலு பேரு கூடத்தான் போனாரு.”

நாலு பேர்! அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தேன். மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன.

“அய்யோ, எதுக்குங்க அழுவறீங்க? சோத்து நேரத்துக்கு எறங்கிருவாரு. வர்றப்ப சாமை வாங்கியாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு.”

வத்தல்மலை ஊர்களுக்கு ஏறுவதற்குத்தான் இங்கே ‘மேல போறது’ என்று பெயர். சென்னைக்காரனுக்கு மேலே என்றால் ஒரே ஓர் இடம்தான் தெரியும்.

பின்வாசலிலேயே மலைப்பாதை தொடங்குகிறது. எதிர்கொண்டு அழைக்கலாமென்று ஏறினேன். இருநூறடியில் மூச்சு வாங்கிப் பாறையில் சாய்ந்தேன். அங்கேதான் அண்ணன் வந்தார், கையில் குச்சி, தோளில் சாமைப் பை, கூடவே சிரித்துக்கொண்டு நான்கு பெரியவர்கள்.

காதோடு சொன்னேன்: “அண்ணா, யாராவது மிரட்டினா கண்ணைச் சிமிட்டுங்க.”

இரண்டு முறை சிமிட்டினார். தூக்கிவாரிப் போட்டது.

“வேர்வைடா, முட்டாள்.”

சாப்பிட்டு முடித்ததும், கிளம்புங்கள் என்றேன். அவர் அறைக்குள் போய் ஒரு ஜால்ராவுடன் வந்தார். சாயங்காலம் வேனில் தருமபுரிக்குப் போகிறார்களாம். அங்கே ஒரு கூத்துக் குழுவின் ஒத்திகை, இவர்தான் தாளம்.

“எங்க வீட்ல என்ன குறை வெச்சோம்?” என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சிறியதாக வந்தது.

“ஒரு குறையும் இல்லடா. ஆனா பாப்பா படிக்குதேன்னு தும்மலைக்கூட அடக்கிப்பேன். இங்க பாரு.” முகத்துக்கு நேரே ஜால்ராவைத் தட்டினார். காது இரைந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

ஐந்து மணிக்கு அந்த வேனிலேயே என்னையும் ஏற்றிக்கொண்டு வந்து பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். அண்ணன் கையசைத்தார், ஒத்திகைக்கு நேரமாகிவிட்டதாம், வேன் காத்திருக்கவில்லை.

வீடு திரும்பியதும் அண்ணன் அறைக்குப் போய் டிவியைப் போட்டேன். திரையில் வாய் அசைந்தது, பேச்சில்லை. பழுதாகிவிட்டதோ என்று அதையும் சந்தேகப்பட்டேன். பழுதில்லை. அவர் சத்தத்தைச் சுழியத்தில் வைத்திருந்தார்.