நண்டைப் பார்த்துப் பிறந்தவை

அவனை எல்லோரும் சக்கரம் என்றே கூப்பிட்டார்கள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவனுக்கு வேறென்ன பெயர் பொருந்தும்? கடல் உயிர் ஆய்வுக்கூடத்தில் தொட்டி பார்ப்பது அவனுக்கு எட்டாவது வேலை. ஏழு வேலைகளை வேலைக்கொரு சண்டை போட்டு உதறியவன் இங்கே மூன்று வருடம் தாக்குப்பிடித்ததை அவன் மனைவியே நம்பவில்லை.

வீட்டில் பத்து மாதப் பெண் குழந்தை. அவள் விழிக்கும் முன்பே கிளம்பிவிடுவான், திரும்பும்போது தூங்கியிருப்பாள். விடுமுறையிலும் ஏதாவது சாக்கு வைத்துத் தெருவில்தான் இருப்பான். என்றைக்காவது தூக்கினால் வீடே அதிர அழுவாள்.

"யாரோ புது ஆளுன்னு நினைக்கிறா, பாவம்" என்று மனைவி சிரிப்பாள். அது அவனுக்குச் சுருக்கென்று தைக்கும். உடனே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

ஆய்வுக்கூடத்தில் கணவாய் மீன் தொட்டிகள் அவன் பொறுப்பு. ஒரு தாய்க் கணவாய் தன் மையைப் பூசி, கறுப்புத் திராட்சை மாதிரி நாற்பது முட்டைகளைக் கயிற்றில் ஒட்டவைத்துவிட்டுச் சில நாளில் செத்துப்போனது. கணவாய் குடும்பத்தில் அதுதான் நடைமுறை. குஞ்சு பொரிக்கும்போது பக்கத்தில் அம்மாவும் இருக்கமாட்டாள், அப்பாவும் இருக்கமாட்டான்.

அந்த நாற்பது முட்டைகளில்தான் ஆய்வுக்கூடத்தை நடத்தும் மேடத்தின் ஒரு வருட ஆராய்ச்சி இருந்தது. மேடத்துக்கு ஒரே கண்டிப்பு: எந்தத் தொட்டியும் இடம் மாறக்கூடாது. முன்பு அவன் காற்றுக்குழாயை இடம் மாற்றப்போய் ஒரு தொட்டி மீன் மூச்சுமுட்டிச் செத்திருந்தது. "இன்னொரு தடவ கைய வச்சீங்கன்னா, நீங்களே கிளம்பிடுங்க" என்று சொல்லியிருந்தார்.

மேடம் இரண்டு வாரம் வெளியூர் போனார். மூன்றாவது நாளே அவனுக்குக் கை அரித்தது. பெரிய கணவாய்களுக்குத் தீனியாக வாசலோரம் வைத்திருந்த நண்டுத் தொட்டியை நகர்த்தி, முட்டைத் தொட்டியின் கண்ணாடியோடு ஒட்டி வைத்தான். நடை மிச்சம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சுத்தப் பொய். நடப்பதற்கு என்றைக்கு அலுத்துக்கொண்டான் அவன்?

அந்த நாட்களில் முட்டைகள் ஊதிக்கொண்டே வந்தன. தோல் மெலிந்து, கறுப்பு வெளிறி, உள்ளே இருப்பது தெரிந்தது. பெரிய கண்கள் இரண்டு, உடம்பெல்லாம் பழுப்புப் புள்ளி, துடிக்கும் துடுப்பு. அவன் நின்று பார்த்தான். அரைமணி நேரம் ஒரே இடத்தில் நின்றது அவன் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும். மேடம் வருவதற்கு முந்தின நாள் நண்டுத் தொட்டியை வாசலுக்கே தள்ளிவிட்டான். யாருக்கும் தெரியாது.

முப்பத்தெட்டுக் குஞ்சுகள் பொரித்தன. விரல்நகம் அளவுதான். அதற்குள் கடைகளில் கடல்நுரை என்று விற்கும் வெள்ளை ஓடு முதுகுக்குள் முளைத்திருந்தது, நினைத்தபடி நிறமும் மாற்றின. எல்லாம் சரி, சாப்பாட்டை மட்டும் தொடவில்லை. மேடம் உயிருள்ள பொடி இறாலை விட்டுப் பார்த்தார். இறால் மூக்குக்கு முன்னால் நீந்தியும் ஒன்றும் சட்டை செய்யவில்லை.

"எப்பவும் இறாலத்தான் முதல்ல பிடிக்கும். இதுங்களுக்கு என்ன வந்துச்சு?" மேடத்தின் குரல் உடைந்திருந்தது. உடம்பில் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு சில நாள்தான் தாங்கும். நான்காம் நாள் மூன்று செத்தன. உப்பு, சூடு, தண்ணீர் எல்லாம் சோதித்தாயிற்று. சக்கரம் அன்று அந்த அறையை எத்தனை சுற்று சுற்றினான் என்று அவனுக்கே தெரியாது.

ஐந்தாம் நாள் காலை, பெரிய கணவாய்களுக்கு நண்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குஞ்சுத் தொட்டியைக் கடந்தான். முப்பத்தைந்தும் ஒன்றாகத் திரும்பின. உடம்பு கருத்தது. இரண்டு குஞ்சுகள் நீண்ட கைகளை எறிந்து கண்ணாடியில் மோதின. அவன் கிண்ணத்தை இந்தப் பக்கம் கொண்டுபோனான், அவையும் வந்தன. அந்தப் பக்கம் கொண்டுபோனான், அங்கேயும் வந்தன. வாசலோரம் இருந்த நண்டுத் தொட்டியை அவன் திரும்பிப் பார்த்தான்.

கிண்ணத்து நண்டு குஞ்சுகளைவிடப் பெரியது. அவற்றுக்கேற்ற பொடி நண்டு பக்கத்து அறையில் இருந்தது, சாவி மேடத்திடம். வாயை மூடிக்கொண்டால் வேலை பிழைக்கும். குஞ்சுகள் பிழைக்காது. அவன் மேடத்தின் முன்னால் போய் நின்றான்.

"மேடம், நீங்க இல்லாதப்ப நண்டுத் தொட்டிய முட்டைக்குப் பக்கத்துல வச்சேன். பத்து நாள். முட்டைக்குள்ளேர்ந்தே அதுங்க நண்டப் பாத்துட்டு இருந்திருக்கு."

மேடம் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். பொடி நண்டு விழுந்த கணமே குஞ்சுகள் பாய்ந்து பிடித்தன. சாயங்காலத்துக்குள் முப்பத்தொன்று சாப்பிட்டிருந்தன. நான்கு தேறவில்லை.

"செத்தது ஏழு, உங்களால. பொழச்சது முப்பத்தொண்ணு, அதுவும் உங்களாலதான்" என்றார் மேடம். "திட்டவும் முடியல. ஒரு வாரம் இந்தப் பக்கமே வராதீங்க. அப்புறம் வாங்க."

மறுநாள் விடிந்தும் அவன் வீட்டில் இருப்பதைப் பார்த்து மனைவி பயந்துபோனாள். "வேலை போச்சா?"

"இல்ல. ஒரு வாரம் வீட்லதான்."

"வீட்லயா? நீங்களா?"

அவன் தொட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். குழந்தை கண் விழித்தாள், அவனைப் பார்த்தாள், வீடு அதிர அழுதாள். கால் வாசலுக்குப் போகத் துடித்தது. அவன் எழுந்திருக்கவில்லை. "தூக்காத" என்று மனைவியிடம் சொன்னான். "கொஞ்ச நேரம் என்னப் பாக்கட்டும்."