பிஸ்கட் டின்னுக்குள் ஏரியல்

இறால் பண்ணையில் எனக்குக் காவல் வேலை என்றுதான் சொன்னார்கள். யாருக்கு யார் காவல் என்பது போகப் போகத்தான் விளங்கியது. குளத்து நீரைக் கிளறும் மோட்டார் நின்றால் இறால் மூச்சு முட்டிச் செத்துவிடும். ஆகவே நான் அசையக் கூடாது. குளத்து வரம்பில் ஏறி நின்றால் எங்கள் வீட்டுக் கூரை தெரியும். அந்த நோன்பு மாதத்தில் ஒரு நாள்கூட வீட்டில் நோன்பு திறக்கக் கிடைக்கவில்லை. கூரையைப் பார்த்தபடியே பேரீச்சம்பழத்தைக் கடிப்பேன். எரிச்சல் எரிச்சலாக வரும்.

மோட்டார் நின்றால் வீட்டில் கூவுகிற மாதிரி வயர்லெஸ் பெட்டி இரண்டு செய்தேன், பண்ணைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. உள்ளே சிக்னல் அனுப்பி வாங்கும் தீப்பெட்டியளவு மொடியூல். அதோடு வந்த சுருள் ஏரியல் வரம்பைத் தாண்டவில்லை. குட்டை ரப்பர் ஏரியல் ஒன்றை வாங்கி மாட்டினேன். அது வேறு அலைவரிசைக்கு ஆனது என்று கடைக்காரர் பிறகுதான் சொன்னார். கடைசியில் வெறும் செம்புக் கம்பியை அலையின் கால்வாசி நீளத்துக்கு, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக வெட்டி ஒட்டினேன். அதுவும் ஊமை. மண்டை காய்ந்துவிட்டது.

இங்கே உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. டோர்ச், சார்ஜர் எல்லாம் பிஸ்கட் டின்னுக்குள்தான் இருக்கும். நானும் அதே பழக்கத்தில் பண்ணைப் பெட்டியை ஏரியலோடு டின்னுக்குள் வைத்து மூடியிருந்தேன். தகரத்துக்குள் இருந்து எந்த ஏரியல் பேசும்? தலையில் அடித்துக்கொண்டு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினேன். அப்போதும் சுருள் பாதி வழிதான் போனது. கம்பிதான் வீடு போய்ச் சேர்ந்தது. மோட்டாரை நிறுத்திப் பார்த்ததும் வீட்டிலிருந்து மனைவி போன் எடுத்தாள். "கத்துது. இனி ஊட்டுக்கு வாங்க."

முதலாளிக்கும் சந்தோஷம்தான். "நல்ல வேல. அப்ப பக்கத்துப் பண்ணைக்கும் ஒண்டு பூட்டுங்க. ஊட்ல இருந்தே ரெண்டையும் பாருங்க" என்றார்.

அன்று மாலை வீட்டுப் பாயில் உட்கார்ந்தேன். முன்னால் கஞ்சிக் கோப்பை, பக்கத்தில் பெட்டி. மகள் பள்ளிக்கூடத்துக் கதை ஏதோ சொன்னாள். என் கண் பெட்டியின் சிவப்பு விளக்கில் இருந்தது.

"வாப்பா கேக்கவே இல்ல" என்றாள் தாயிடம்.

மனைவி எழுந்தாள். அலுமாரியிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்து, பெட்டியை உள்ளே வைத்து மூடினாள். "தகரத்துக்குள்ள போனா ஊமையெண்டு நீங்கதானே சென்னீங்க. நோன்பத் தொறங்க."

பாங்கு கேட்டது. டின்னைப் பார்த்தபடியே பேரீச்சம்பழத்தைக் கடித்தேன். கஞ்சி ஆறுவதற்குள் மூடியைத் திறந்தது நான்தான்.