ஃப்ளோரன்ஸ் அக்காவும் ஆரணி எரிமலையும்

ஆரணியில் எரிமலை இல்லை. இந்தக் குறையை ஃப்ளோரன்ஸ் அக்கா முதல் நாளே பயிற்சியாளர் பார்த்திபனிடம் பணிவோடு தெரிவித்துவிட்டார். அவர் அசரவில்லை. பேரிடர் தன்னார்வலர் பயிற்சிக்கு இந்த ஆண்டு வந்த நிதி எரிமலைக்கானது, வெள்ளத்துக்கானது தீர்ந்துவிட்டது என்றார். நிதி வந்த பிறகு மலை இல்லையென்று குறை சொல்வது நன்றிகெட்டத்தனம் இல்லையா?

குழித்தறியில் பட்டு நெய்யும் அக்கா, தெருவின் தன்னார்வலர் குழுவுக்குத் தலைவி. சேவை மனப்பான்மையால் என்று எழுதத்தான் ஆசை. ஆனால், ஒத்திகையில் தேறும் குழுவுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஒன்று தருவார்களாம். ஐப்பசி மழையில் அந்தத் தெருவின் தறிக்குழிகளெல்லாம் கிணறாகிவிடும்; நெய்பவர் கால் வைக்கிற இடத்தில் தவளை உட்கார்ந்திருக்கும். மோட்டாருக்காக அக்கா எரிமலையை நம்பினார். தெருவையும் நம்ப வைத்தார்.

பாடம் எளிது. சங்கு ஊதினால் சாம்பல் மழை என்று பொருள். வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்த வேண்டும்.

ஒத்திகையன்று லோகநாதனின் பாவு தெருவில் கிடந்தது. பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக் காயவைத்திருந்தார். சங்கு ஊதியது. மொத்தத் தெருவும் வெளியே பாய்ந்து பாவைச் சுருட்டியது. வானத்திலிருந்து எது விழுந்தாலும் அந்தத் தெருவுக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு அதுதான். லோகநாதனோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட ஒரு முனையைப் பிடித்திருந்தார்கள்.

அனைவரும் இறந்துவிட்டதாகப் பார்த்திபன் ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

"செத்தா செத்துட்டுப் போறோங்க," என்றார் லோகநாதன், சுருட்டிக்கொண்டே. "பாவு போச்சின்னா முதலாளிக்கு யாரு பதில் சொல்றது?"

அக்கா கெஞ்சிக் கூத்தாடி மறுநாளுக்கு இன்னொரு வாய்ப்பு வாங்கினார். பிறகு வீடுவீடாகப் போய், "நாளைக்கு எவனாச்சும் வெளிய வந்தீங்க, ஐப்பசில உங்க குழியில நீங்களே நீச்சல் அடிச்சிகினு கெடங்க," என்று விழிப்புணர்வு ஏற்படுத்தினார். பாவை மட்டும் நாளைக்குப் போடாதே என்று லோகநாதனிடம் சொல்லிப் பார்த்தார். முகூர்த்தப் புடவை, எரிமலைக்காக முகூர்த்தம் நிற்குமா என்று கேட்டுவிட்டார் அவர்.

மறுநாள் சங்கு ஊதியது. கதவுகள் பட்பட்டென்று சாத்திக்கொண்டன. தெருவில் பாவும் பார்த்திபனும் மேற்பார்வைக்கு அக்காவும் மட்டுமே. பார்த்திபன் பூரித்துப்போனார்.

அப்போது தூறல் விழுந்தது. நிஜத் தூறல். தூறல் சத்தம் கேட்டும் ஒரு கதவும் திறக்கவில்லை. அக்காவின் பயிற்சி அப்படி.

"கொஞ்ச நேரம் பொறுங்கம்மா," என்றார் பார்த்திபன். "மோட்டார் உங்களுக்குத்தான்."

அக்கா பாவைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"பேஜாரா பூட்ச்சி சார் உங்களோட. மோட்டார நீங்களே வெச்சிக்கோங்க." பிறகு தெருவைப் பார்த்துக் கத்தினார். "மழை வருது, ஜல்தி வாங்க."

பாவு பிழைத்தது. தெரு இரண்டாம் முறையாக இறந்தது. மோட்டார், கதவைச் சாத்தி முன்மாதிரியாக உட்கார்ந்திருந்த பக்கத்து ஊரான சேத்துப்பட்டின் குழுவுக்குப் போனது.

ஐப்பசி பிறந்து குழியில் தண்ணீர் ஏறியதும், அக்கா அந்தக் குழுத்தலைவன் இளவரசனுக்குப் போன் போட்டார். மோட்டார் பிரிக்காத அட்டைப்பெட்டியில் பத்திரமாக இருந்தது.

"எரிமலை வெடிச்சாதான் எடுக்கணும்னு சார் சொல்லிட்டுப் போய்க்கிறாருக்கா."

"வெடிச்சிடுச்சி தம்பி," என்றார் அக்கா. "அடுத்த பஸ்ல ஏத்தி அனுப்பு."