விசில் கேட்காத தூரம்

சித்தப்பாவோடு நான் நான்கு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, நான்கு வருடம். அவர் ஏதாவது கேட்டால் சுவரைப் பார்த்துப் பதில் சொல்வேன். பத்து வயதில் ஆரம்பித்த அந்தக் கோபம் முழுக்க முழுக்க நியாயமானது என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்போது நாங்கள் தொம்மலூரில் இருந்தோம். அப்பாவுக்கு ஹூப்ளியில் வேலை, மாதம் ஒருமுறை வந்துபோவார். மற்றபடி வீட்டில் எது நடக்கலாம், எது நடக்கக்கூடாது என்பதெல்லாம் பெரியப்பாவின் கையில். மைசூர் சர்க்காரில் முப்பது வருடம் கோப்புகளில் கையெழுத்துப் போட்ட கை அது. ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை.

சித்தப்பா கடைக்குட்டி. ஓர் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவருக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. ஆனேக்கல்லுக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து கேழ்வரகுக் கொல்லைகளைத் தாண்டி, காட்டுக்குள் இறங்கிவிடுவார். நடந்த பாதைகளை வீட்டுக்கு வந்து கட்டம் போட்ட தாளில் வரைந்து வைப்பார். என் அண்ணனுக்குப் பதின்மூன்று வயது, சவலையான உடம்பு. "பையனக் கூட்டிட்டுப் போ, கொஞ்சம் தேறட்டும்" என்று பெரியப்பா உத்தரவிட்டார். நான் வராமல் தானும் போகமாட்டேன் என்று அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதான். அப்படித்தான் பெண்பிள்ளையான எனக்கும் அனுமதி கிடைத்தது. அண்ணனை நடக்கவைக்க நான் ஒரு சாதனம், அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கிய முதல் நாளே அது என்னுடையதாகிவிட்டது. மேலே வெயில் கொளுத்தும். இருபது அடி இறங்கினால் மூங்கில் நிழலில் கை சில்லிடும். புங்க மரங்களுக்குக் கீழே ஓடை போகிற சத்தம் கேட்குமே தவிர ஓடை கண்ணுக்குத் தெரியாது. சித்தப்பா முன்னால், நான் நடுவில், "இன்னும் எவ்ளோ தூரம்?" என்று கேட்டபடி அண்ணன் பின்னால். மூன்று ஞாயிறுகள் அப்படிப் போனோம்.

நான்காவது ஞாயிறு ஓடைக்கரையில் உட்கார்ந்து அம்மா கட்டிக்கொடுத்த சித்ரான்னத்தைச் சாப்பிட்டு முடித்துக் கிளம்பினோம். பாசி பிடித்த பாறையில் சித்தப்பாவின் கால் வழுக்கியது. எழுந்து நிற்கப் பார்த்தார், முடியவில்லை. கணுக்கால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூசணிப் பிஞ்சு போல வீங்கியது. அண்ணனுக்கோ புது ஷூ கடித்து இரண்டு குதிகாலிலும் கொப்புளம். வந்த வழியில் திரும்பினால் ஐந்து மைல். எதிர்ச் சரிவில் ஏறினால் ஒரு கிராமம் இருக்க வேண்டும் என்று சித்தப்பா சொன்னார். ஆனால் முந்தைய மாத மழையில் பாதை அடித்துக்கொண்டு போயிருந்தது. மேலே மூன்று ஆட்டுத் தடங்கள்தான் தெரிந்தன.

"நான் போய்ப் பாக்கறேன்" என்றேன்.

சித்தப்பா எதிர்ச் சரிவைக் கண்ணால் அளந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு விசிலை எடுத்தார். "நான் ஊதிக்கிட்டே இருப்பேன். சத்தம் கேக்கற வரைக்கும்தான் போகணும். கேக்கலேன்னா அந்த இடத்துலயே திரும்பிடு. புரியுதா?"

தலையாட்டிவிட்டு ஏறினேன். நடுத் தடத்தில் மாட்டுச் சாணம் கிடந்தது. மாடு போகிற வழி ஊருக்குத்தானே போகும் என்று அதையே பிடித்தேன். விசில் சன்னமாகிக்கொண்டே வந்தது. ஒரு மூங்கில் புதருக்குப் பக்கத்தில் வழி முழுக்க யானை லத்தி, ஈரம் காயாமல். என் நெஞ்சு அடித்துக்கொண்டதில் விசில் கேட்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். இல்லை. திரும்பியிருக்க வேண்டும். அப்போது மேலே எங்கோ ஒரு மாட்டின் கழுத்து மணி. ஓடினேன். உண்ணிச்செடி கையையும் காலையும் கிழித்தது எனக்குத் தெரியவே இல்லை.

சரிவின் உச்சியில் விறகுக் கட்டோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். "ஏனம்மா, ஒப்ளே பந்த்யா?" என்றாள். தனியாகவா வந்தாய் என்று கேட்டவள், என் பதிலைக் கேட்டதும் விறகைக் கீழே போட்டுவிட்டு ஊர்ப்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். இரண்டு ஆட்கள் வந்தார்கள். வந்த வழியை நான் காட்ட, அவர்கள் இறங்கிப்போய் சித்தப்பாவைத் தோளில் தூக்கிவந்தார்கள். மாட்டுவண்டியில் ஆனேக்கல் சேர்ந்து கடைசி பஸ்ஸைப் பிடித்தோம். பஸ் முழுக்க சித்தப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. வலி என்று நினைத்தேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது பெரியப்பா விசாரித்தார். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"காலு போச்சு. நல்லவேளை, பையன் இருந்தான்" என்றார் சித்தப்பா. "இவன்தான் மேல ஏறிப் போய் ஆளுங்களக் கூட்டிட்டு வந்தான்."

"இது?" என்று பெரியப்பா என்னைக் காட்டினார்.

"இது என் பக்கத்துலயே உக்காந்து அழுதுட்டு இருந்துச்சு."

பெரியப்பா தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து அண்ணன் இலையில் வைத்தார். பெரியப்பா யாருக்கும் அப்பளம் கொடுத்து நாங்கள் பார்த்ததில்லை. அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தான்.

"பொய்!" என்று கத்தினேன். "சித்தப்பா பொய் சொல்றாரு! அண்ணன் காலப் பாருங்க, இந்தக் காலோட எப்படி மலை ஏறுவான்?"

"சும்மா இரு" என்றார் சித்தப்பா. கண்ணைச் சிமிட்டினார், தலையை ஆட்டினார். மாட்டிக்கொண்ட பொய்யனின் முகம் என்று எனக்கு அப்படியொரு திருப்தி.

பெரியப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அப்பளத்தைக் கீழே வைத்தான். "நான் போகல. இவதான் போனா."

"தனியாவா?"

"தனியாத்தான்!" என்றேன் நான். அதற்கப்புறம் என்னை நிறுத்த ஆளில்லை. யானை லத்தியைச் சொன்னேன். அது ஈரமாக இருந்ததைச் சொன்னேன். விசில் கேட்காத தூரத்துக்குப் போனதைச் சொன்னேன். முன்பின் தெரியாத இரண்டு ஆட்களை நானே காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனதைச் சொன்னேன். கையிலிருந்த கீறல்களைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். எனக்கும் ஓர் அப்பளம் வரும் என்று எதிர்பார்த்தேன்.

பெரியப்பா திட்டவில்லை. மோரை ஊற்றிச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவப் போகுமுன் சொன்னார்: "கால் சரியானதும் பையன மட்டும் கூட்டிட்டுப் போ. பொண்ணு இனிமே வேண்டாம்."

அவ்வளவுதான். காலை உடைத்துக்கொண்டவர் போகலாம். கொப்புளத்தோடு உட்கார்ந்திருந்தவன் போகலாம். வழி கண்டுபிடித்தவள் போகக்கூடாது! என் ஞாயிற்றுக்கிழமைகளுக்குத் தையல் வகுப்பு வந்தது. அண்ணன் முனகிக்கொண்டே போய், முனகிக்கொண்டே திரும்பி வருவான். அவன் ஷூவில் ஒட்டியிருக்கும் சிவப்பு மண்ணைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். குட்டு வெளிப்பட்ட ஆத்திரத்தில் பெரியப்பாவின் மனம் பிறகும் மாறாதபடி சித்தப்பாதான் ஏதோ சொல்லிக் கொடுத்து என்னைத் தடுத்துவிட்டார் என்று உறுதியாக நம்பினேன். அவர் மறுக்கவும் இல்லை. நான் சுவரைப் பார்த்துப் பேசியதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். பிறகு மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். போகிற அன்றும் நான் வாசலுக்கு வரவில்லை.

எனக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்த பிறகு ஒருநாள், அம்மாவோடு புளி ஆய்ந்துகொண்டிருந்தபோது பேச்சு எப்படியோ அங்கே போனது. அந்தப் பொய்யை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை என்றேன்.

அம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "உனக்குத் தெரியாதா? அன்னிக்கு உள்ள வர்றதுக்கு முன்னாடியே என்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தாரு. 'நெஜத்தச் சொன்னா புள்ளைய இனிமே அனுப்ப மாட்டாங்க அண்ணி, நான் ஒண்ணு சொல்றேன், நீங்க பேசாம இருங்க'ன்னாரு. நானும் சரின்னேன்."

புளியங்கொட்டை என் கையிலேயே இருந்தது. "அப்போ நான் பேச ஆரம்பிச்சதும் என்னை ஏம்மா தடுக்கல?"

"வாயப் பொத்தலாம்னுதான் உன் பக்கத்துல வந்தேன்" என்றாள் அம்மா. "நீ அந்த யானை லத்தியச் சொல்லிட்டு இருந்தே. அப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்கும் கேக்கணும்போல இருந்துச்சு."